நீட்டிய கை

வலியவன் ஒருவன் தன் தேவையை முன்னிட்டு எளியவனுக்கு உதவுகிறான். தேவை தீர்ந்ததும் கையை இழுத்துக் கொள்கிறான். நடுவழியில் நிற்கும் எளியவனுக்கு அவன் ஏதேனும் கடன்பட்டவனா? தனி மனிதர் விஷயத்தில் இக்கேள்விக்கு நாம் தயங்காது விடை கூறுவோம். வல்லரசின் விஷயம் என்றால் மட்டும் 'அரசியல் அப்படித்தான்' என்று நகர்ந்து விடுகிறோம். இது எவ்வளவு தூரம் நியாயம் என்பதைச் சீனத்தின் மேற்கெல்லையான சின்ஜியாங்கின் வரலாற்றை வைத்துச் சிந்திப்போம்.

உய்குர், கஸாக் முதலிய துருக்கிய இன முஸ்லிம்கள் பெருவாரியாக வாழ்ந்த நிலம் அது. ஆட்சி சீனருடையது, வாணிபமோ அண்டையிலிருந்த சோவியத் யூனியனை நம்பியிருந்தது. 1934இல் ஆளுநர் ஷெங் ஷிசாயின் ஆட்சி ஆட்டங்கண்டபோது சோவியத் படைகள் எல்லை தாண்டி வந்து அவரைக் காத்தன. 1937இல் தெற்கே முஸ்லிம்கள் கிளர்ந்தெழுந்தபோது அடக்கியதிலும் அப்படைகளுக்குப் பங்குண்டு. 1942இல், ஜெர்மானியரிடம் சோவியத் அடிபடுவதைக் கண்ட ஷெங், சியாங் கை ஷேக்கின் பக்கம் சாய்ந்தார். உடனே மாஸ்கோவின் கொள்கையும் திரும்பிற்று. நேற்று அடக்கிய கை இன்று ஆயுதம் வழங்கியது.

1944 நவம்பரில் இலிப் பள்ளத்தாக்கின் கூல்ஜா நகரில் கிளர்ச்சி வென்று, கிழக்குத் துருக்கிஸ்தான் குடியரசு பிரகடனமாயிற்று. தலைவராக அமர்ந்தவர் அலீகான் தூரா என்னும் மார்க்க அறிஞர். சோவியத் ஆட்சியின் நெருக்கடியிலிருந்து தப்பிச் சீன மண்ணுக்கு வந்தவர் அவர்! எவரிடமிருந்து ஓடினாரோ அவரது துணையுடனேயே ஆட்சி நடத்த நேர்ந்தது.

கிளர்ச்சியாளர் 1945இல் மானாஸ் நதி வரை முன்னேறினர். தலைநகர் உரும்சி தொலைவில் இல்லை. ஆனால் அவ்வாண்டு ஆகஸ்ட் 14இல் ஸ்டாலினின் அரசு சியாங்கின் அரசுடன் நட்புடன்படிக்கை செய்து கொண்டது. வெளி மங்கோலியாவின் சுதந்திரத்துக்கு வழி பிறந்தது. மஞ்சூரிய ரயில்பாதையிலும் துறைமுகங்களிலும் சோவியத்துக்கு உரிமை கிடைத்தது. சின்ஜியாங்கின் உள்விவகாரத்தில் தலையிடும் எண்ணமில்லை என்று மாஸ்கோ எழுதிக் கொடுத்தது. நதிக்கரையில் படை நின்றது. போர் போய்ப் பேச்சுவார்த்தை வந்தது. 1946இல் கூட்டரசு அமைந்தது. அடுத்த ஆண்டே அது குலைந்தது.

இலி மக்கள் வெறும் பொம்மைகள் என்பார் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. வரிச்சுமையையும், குதிரைகளைக் கேட்டு வந்த அரசாணையையும், ஆளுநரின் சிறைகளையும் பட்டறிந்தவர்களுக்குத் துயரத்தைப் பற்றி மாஸ்கோ பாடம் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. ஆட்சியாளன் தன் குடிகளுக்கே பொறுப்பாளி. உலகப் போரில் இரண்டு கோடிக்கும் அதிகமானோரை இழந்த நாடு பிறர் பொருட்டு மற்றொரு போரை ஏன் சுமக்க வேண்டும்? இதிலே உண்மை உண்டு. உரும்சியைப் பிடித்துத் தர ஸ்டாலின் கடன்பட்டவர் என்று நாமும் கூறோம். ஆயினும் துப்பாக்கியைக் கொடுத்தவன், எவ்வளவு தூரம் உடன் வருவான் என்பதை அப்போதே சொல்லியிருக்க வேண்டாமா? கையை இழுத்துக் கொண்டதைக் காட்டிலும், இழுக்கப் போவதை மறைத்ததே பெருங்குற்றமாக நமக்குப் படுகிறது. அளவு தெரிந்திருந்தால் அம்மக்கள் வேறு வழியைத் தேர்ந்திருக்கலாம். அதே வழியையும் தேர்ந்திருக்கலாம். தேர்வு அவர்களுடையதாக இருந்திருக்கும். பிறர் உயிர் நம் சொல்லை நம்பி நடக்கும்போது அச்சொல் அமானிதமாகி விடுகிறது.

பின்னரும் அவர்களுக்குத் தேர்வு வாய்க்கவில்லை. 1949 ஆகஸ்டில், பீகிங்கில் மாவோவின் அழைப்பை ஏற்றுப் புறப்பட்ட அஹ்மத்ஜான் காஸிமி முதலிய இலித் தலைவர்கள் சோவியத் வான்வெளியில் விமான விபத்தில் மாண்டனர். செய்தி மாதங்கள் கழித்தே வெளிவந்தது. 1962இல் இலிப் பகுதியிலிருந்து பல்லாயிரவர் எல்லை கடந்து சோவியத் கஸாகஸ்தானுக்குச் சென்றனர். சீனமும் சோவியத்தும் பகைத்திருந்த அந்த ஆண்டுகளில் உய்குர் மக்களின் துயரம் மீண்டும் மாஸ்கோவின் நினைவுக்கு வந்தது. சோவியத் வானொலி அவர்கள் மொழியில் பரிவோடு பேசிற்று!

அலீகான் தூராவை 1946 கோடையிலேயே சோவியத் நாட்டுக்குக் கொண்டு சென்று விட்டனர். கூல்ஜாவுக்கு அவர் திரும்பவே இல்லை. தாஷ்கண்டில் வாழ்ந்து 1976இல் காலமானார். அங்கே அவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றையும், துருக்கிஸ்தானின் துயரத்தைப் பற்றித் தம் நினைவுகளையும் எழுதினார். அவர் உயிரோடிருந்த வரை அவை அச்சேறவில்லை.