எந்தக் கடிகாரத்தில் ராகு காலம்?

1981 டிசம்பர் 31 இரவு மணி 11.30 ஆனதும் தீபகற்ப மலேசியாவில் கடிகார முள்ளை 12க்கு நகர்த்தி வைத்தார்கள். சபா, சரவாக்கோடு நாடு முழுக்க ஒரே நேரம் இருக்க வேண்டும் என்று அரசு செய்த ஏற்பாடு அது. கிரீன்விச்சைவிட ஏழரை மணி முன்னால் இருந்த தீபகற்பம் அன்று முதல் எட்டு மணி முன்னால் போனது. அலுவலகம், பள்ளி, ரயில் எல்லாம் மறுநாளே புதிய நேரத்துக்குப் பழகிக்கொண்டன. ராகு காலம் என்ன செய்தது? அதுவும் முள்ளோடு நகர்ந்ததா, பழைய இடத்திலேயே நின்றதா?

கேலிக்குக் கேட்பதுபோல் இருக்கலாம். ஆனால் கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில், செவ்வாய்க்கிழமை துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கேற்றக் கிளம்பும் ஒரு பெண்ணுக்கு இதற்கு விடை வேண்டும். (நல்ல காரியம் தொடங்குபவர் ஒதுக்கிவைக்கும் அதே ஒன்றரை மணியை இவர் தேடிப் போகிறார் என்பது தனி வேடிக்கை.) எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் கணக்குப்படி செவ்வாய் ராகு காலம் 3 முதல் 4.30 வரை. அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று பார்த்தால்தான் சிக்கல் புரியும்.

சூரியன் உதித்து மறையும்வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்தால், கிழமைக்கு ஒரு பங்கு ராகுவுக்கு. செவ்வாய்க்கு ஏழாவது பங்கு. காலை 6 மணிக்கு உதயம், மாலை 6க்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பங்குக்கு 90 நிமிடம், அதாவது மூன்றே முக்கால் நாழிகை. சென்னையில்கூட 6 மணி என்பது தோராயம்தான். அங்கே உதயம் ஆண்டுக்குள் 5.42க்கும் 6.37க்கும் இடையில் ஊசலாடுகிறது. இருந்தாலும் அது பொறுத்துக்கொள்ளக்கூடிய பிசகு.

கிள்ளானில் அப்படிப் பொறுக்க முடியாது. மலேசிய நேரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. பண்டமாரானோ ஏறக்குறைய 101.4 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் கடிகாரம் சூரியனைவிட 74 நிமிடம் முந்தி ஓடுகிறது. உச்சிப் பொழுது சராசரியாக 1.14க்குத்தான் வருகிறது, நவம்பர் தொடக்கத்தில் 12.58, பிப்ரவரி நடுவில் 1.28. இதற்கு வானியல் நூலைப் புரட்ட வேண்டாம். பக்கத்துப் பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்கு எப்போது பாங்கு சொல்கிறார்கள் என்று கேட்டாலே போதும். சூரியன் உச்சி சாய்ந்த பிறகே அந்தத் தொழுகை நேரம் தொடங்கும் என்பதால், மலேசியாவில் தொழுகை நேரத்தை வட்டாரம் வட்டாரமாகக் கணித்து அறிவிக்கிறார்கள். கிள்ளான் வாசிகள் தங்கள் ஊர்ச் சூரியனைத் தினமும் காதால் கேட்கிறார்கள்.

ஆகவே சூரியன்படி பார்த்தால் பண்டமாரானில் செவ்வாய் ராகு காலம் ஏறக்குறைய 4.15 முதல் 5.45 வரை. மனப்பாடக் கணக்கோடு அது ஒட்டுவது கால் மணி நேரம் மட்டுமே. பிப்ரவரி நடுவில் அதுவும் இல்லை.

"சென்னைப் பஞ்சாங்கத்தோடு இரண்டரை மணி கூட்டினால் சரியாகிவிடுமே" என்று ஒருவர் சொல்லலாம். திதிக்கும் நட்சத்திரத்துக்கும் அது சரி. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்கும் கணம் உலகம் முழுக்க ஒன்றே. கிள்ளானில் அதற்கு வேறு எண் எழுதுகிறோம், அவ்வளவுதான். ராகு காலம் அந்த ரகம் இல்லை. அது அந்தந்த ஊர் உதயத்திலிருந்து பிறப்பது. இரண்டரை மணி கூட்டினால் செவ்வாய் ராகு காலம் 5.30க்குத் தொடங்கும், அப்போது கிள்ளானின் உண்மையான ஏழாம் பங்கு முடியும் தறுவாயில் இருக்கும். ஒரே பஞ்சாங்கத் தாளில் இரண்டு வகைக் காலம் அடுத்தடுத்து அச்சாகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

வைசேடிகத் தத்துவவாதிகள் இதைப் பழைய காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள். காலம் என்ற பொருள் ஒன்றே, பிரிவற்றது. கணம், நாழிகை, நாள் என்ற கூறுகள் சூரியன் முதலியவற்றின் இயக்கத்தை வைத்து நாம் ஏற்றிச் சொல்பவை என்பது அவர்கள் கொள்கை. அப்படி ஏற்றிச் சொல்ல ஆதாரமாக நிற்பதற்கு அவர்கள் இட்ட பெயர் உபாதி. அப்படியானால், அலகைப் பற்றிய எந்தக் கேள்வியும் "எந்த உபாதி?" என்ற கேள்விதான். ராகு காலத்தின் உபாதி உள்ளூர்ச் சூரியன். அதைச் சுவர்க் கடிகாரத்தில் ஏற்றுபவர் மரபைக் காப்பதாக எண்ணிக்கொண்டு, நாடாளுமன்றம் வகுத்த நேரத்தைத்தான் காக்கிறார்.

கடிகாரம் எவ்வளவு சஞ்சலமானது என்பதற்குக் கிள்ளானே சாட்சி. 1932இல் இங்கே பிறந்த ஒரு குழந்தை வளர்ந்து ஐம்பதைத் தொடுவதற்குள் நேரம் ஐந்து முறை மாறிவிட்டது. 1933இல் 20 நிமிடம், 1941இல் மேலும் 10 நிமிடம், ஜப்பானியர் காலத்தில் தோக்கியோ நேரத்துக்காக ஒன்றரை மணி, 1945இல் மீண்டும் பின்னால், கடைசியாக 1982க்கான அந்த அரை மணி. இத்தனைக்கும் நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் கிள்ளானின் பகல் ஆண்டு முழுக்கக் கிட்டத்தட்ட 12 மணிதான். எட்டில் ஒரு பங்கு எப்போதும் 90 நிமிடத்தை ஒட்டியே நிற்கும். லண்டன் தமிழருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அங்கே ஜூனில் ஒரு பங்கு இரண்டு மணியைத் தாண்டும், டிசம்பரில் ஒரு மணியாகச் சுருங்கும்.

ராகு காலம் சூரியனைப் பற்றி நிற்க, அறிவியல் எதிர்த்திசையில் நடந்தது. பள்ளியில் அளவைப் பாடம் படிக்கும் மாணவர்கள், சீராகத் திரும்ப நிகழும் எதைக்கொண்டும் நேரத்தை அளக்கலாம் என்று கற்கிறார்கள்: ஊசல், சொட்டும் நீர், நாடித் துடிப்பு. பூமியின் சுழற்சியும் அந்தப் பட்டியலில் ஒன்றாகவே இருந்தது. அப்போது ஒரு விநாடி என்பது சராசரிச் சூரிய நாளில் 86,400இல் ஒரு பங்கு. சுழற்சி அவ்வளவு சீரில்லை என்று தெரிந்த பிறகு 1967இல் விநாடியைச் சீசியம் 133 அணுவிடம் ஒப்படைத்தார்கள்: 9,19,26,31,770 அதிர்வுகள். சிப்பாங்கில் உள்ள நாட்டின் அளவியல் நிலையமும் அணுக் கடிகாரங்களைக் கொண்டே மலேசிய நேரத்தைப் பேணுகிறது. பூமியோடு ஒத்துப்போக 1972 முதல் 27 முறை ஒரு விநாடியைச் செருகினார்கள். 2035க்குள் அந்த வழக்கத்தையும் மாற்றுவதென்று 2022இல் பன்னாட்டு அளவை மாநாடு தீர்மானித்தது. நண்பகல் சூரியனுக்குச் சொந்தமா, கடிகாரத்துக்கா என்ற கேள்வி பண்டமாரான் கோவில் வாசலிலிருந்து அந்த மாநாடு வரை ஒன்றுதான்.

இதில் மூன்றாவது கட்சியும் உண்டு. கோள்நிலை சரியில்லை, மதுரைக்கு இப்போது போக வேண்டாம் என்று அப்பர் தடுத்தபோது திருமறைக்காட்டில் சம்பந்தர் பாடியது கோளறு பதிகம். ராகு கேதுவோடு ஒன்பது கோளும் அடியாருக்கு நல்லவையே என்று அது சொல்கிறது. அதை நம்பிப் பாடுபவருக்கு இந்தக் கணக்கு எதுவுமே தேவையில்லை. ஆனால் அதைப் பாடிவிட்டு ராகு காலமும் பார்க்கிறவர்களே அதிகம். அவர்களை முரண்பட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. காலத்துக்கு அஞ்சாதவரும் விரதத்துக்கு ஒரு பொழுதைக் குறித்துக்கொள்ளலாம். குறிப்பதானால் சரியாகக் குறிக்கலாமே. கிள்ளான் வட்டாரத்தில் செவ்வாய்க்கிழமை மாலை 4.30 முதல் 5.25 வரை ஆண்டின் எந்த மாதத்திலும் சூரியக் கணக்கின் ராகு காலத்துக்குள்தான் விழும்.