ஒன்பது புள்ளி ஏழு

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் உங்கள் மனுவை வாங்கிக்கொண்டவர் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவராக இருக்கலாம். குரூப் 4 பரீட்சைக்குப் பத்தாம் வகுப்பு போதும். அப்புறம் எதுக்கு அந்த மூணு வருஷம்? வீட்டில் கேட்பார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்களும் கேட்பார்கள்.

உடனே சர் சி.வி.ராமனை இழுப்பார்கள். 1907-ல் நிதித்துறைத் தேர்வு எழுதி கல்கத்தாவில் அதிகாரியானவர், பத்து வருஷம் ஆபீஸ் முடிந்து ஆராய்ச்சி செய்தார், 1917-ல் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பேராசிரியரானார், 1930-ல் நோபல் வாங்கினார். சரிதான். ஆனால், சாயங்காலம் போக அவருக்கு அங்கே ஒரு லேப் இருந்தது. நம்ம ஆளுக்கு பஸ்தான் இருக்கிறது.

நான் பி.காம். எங்களுக்கு டெபிட்டும் கிரெடிட்டும் கடைசிப் பைசா வரை ஒத்துப்போக வேண்டும். (போகாவிட்டால் சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்று ஒன்று உண்டு. அது வேறு கதை!) பிசிக்ஸில் அப்படியில்லை. அளந்ததை எழுது, எவ்வளவு தப்பியிருக்கலாம் என்பதையும் பக்கத்திலேயே எழுது என்கிறார்கள்.

லேபில் என்ன நடக்கிறது? புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு மீட்டர் நூலில் குண்டு கட்டி ஆட்டுகிறார்கள். 20 அலைவுக்கு ஏறக்குறைய 40 செகண்ட். ஸ்டாப் வாட்ச்சை அழுத்த விரல் கால் செகண்ட் தாமதித்தால் போதும், 9.8 வர வேண்டிய இடத்தில் 9.7 வந்து நிற்கும். பையன் பயந்துபோய், விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை 'வரவழைக்கிறான்'. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் விழுந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், 9.8 என்பதே முழுசாக்கிய எண். பூமி சுழல்கிறது, நடுவில் கொஞ்சம் பருத்தும் இருக்கிறது. அதனால் திருவண்ணாமலையில் சுமார் 9.78, துருவத்தில் 9.83!

எனக்குத் தெரிந்து அந்த டிகிரியில் கிடைக்கும் பெரிய சொத்து, '9.7-தான் சார் வந்துச்சு' என்று சொல்கிற தைரியம். அதை லேபிலேயே தொலைத்துவிட்டு சர்டிஃபிகேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. ஆபீஸ் எதுவானாலும் மேலேயிருந்து ஒரு இலக்கு வரும், கீழேயிருந்து அதற்குப் பொருத்தமாக எண் போக வேண்டும். விடையிலிருந்து ரீடிங் எழுதப் பழகிய கைக்கு அது சுலபம். பழகாத கைதான் அந்தக் கட்டத்தில் ஒரு நிமிஷம் நிற்கும். அதனால் இன்க்ரிமென்ட் வராது. முழுமையடையாத வேலை முடிந்துவிட்டதாக ஃபைலில் ஏறாது, அவ்வளவுதான்.

அப்படியொருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். கார்த்திகை தீபத்துக்கு இத்தனை லட்சம் பேர் என்று பேப்பர் படிக்கும்போது, 'எப்படி எண்ணினாங்க?' என்று ஆரம்பிப்பார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.