பிடித்து விடுதல் அருளாகுமா?

ஒரு செயல் அறமா அன்றா என்பதை அதன் புறத்தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்துவிடுவது மனித இயல்பு. கொடுப்பவனைக் கண்டால் வள்ளல் என்கின்றோம். விடுவிப்பவனைக் கண்டால் அருளாளன் என்கின்றோம். கொடுத்தவன் எங்கிருந்து எடுத்துக் கொடுத்தான், விடுவித்தவன் எதற்காக முதலில் பிடித்தான் என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. அவ்வாறு கேட்கத் தொடங்கும்போதுதான் அறச் சிந்தனை தொடங்குகின்றது. இதனை ஆராய்வதற்கு வட அமெரிக்காவின் ஆழமான நன்னீர் ஏரிகளில் நடைபெறும் ஒரு தூண்டில் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். இடம் தொலைவானது, ஆயினும் வினா எல்லா நாட்டினர்க்கும் பொதுவானது.

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் உள்ள குளிர்ந்த ஏரிகளில் 'லேக் டிரவுட்' என்னும் ஏரி மீன் வாழ்கின்றது. தண்மையான நீரையே நாடும் இம்மீன், கோடையில் மேல்நீர் வெதுவெதுப்படைந்ததும் ஆழத்திற்கு இறங்கிவிடுகின்றது. இது மெதுவாக வளர்வது; நெடுநாள் வாழ்வது. கனடாவின் வடமேற்குப் பகுதியில் 446 மீட்டர் ஆழமுடைய கிரேட் பேர் ஏரியில் ஐம்பது ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்த மீன்கள் கண்டறியப்பட்டுள்ளன. 1995-ஆம் ஆண்டில் அங்கே தூண்டிலில் சிக்கிய ஒரு மீன் 72 பவுண்டு எடை இருந்தது. இத்தகைய முதுமீன் ஒன்றை ஏரி இழக்குமாயின், அந்த இடத்தை நிரப்ப ஒரு மனிதத் தலைமுறைக்கும் மேற்பட்ட காலம் தேவைப்படும். இந்த உண்மையை நாம் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இம்மீனைப் பிடிக்கும் முறைகளுள் ஒன்று 'ஜிக்கிங்' எனப்படும். படகை அசையாது நிறுத்தி, ஈயத்தால் கனமாக்கப்பட்ட போலி இரையை நேர் கீழே நெடுந்தூரம் இறக்குவர். பின்னர்த் தூண்டிற்கோலைச் சற்றே உயர்த்தித் தாழ்த்தி, அடிபட்ட சிறுமீன் துடிப்பதுபோல அவ்விரையைத் துடிக்கச் செய்வர். நீளாத பின்னல் நூலைப் பயன்படுத்துவதால் ஆழத்தில் நிகழும் சிறு தீண்டலும் கைக்குத் தெரிந்துவிடுகின்றது. இக்காலத்தில் இதனோடு சோனார்க் கருவியும் சேர்ந்துவிட்டது. மீன் எத்தனை அடி ஆழத்தில் நிற்கின்றது, இரையை நோக்கி எழுகின்றதா, ஐயுற்றுத் திரும்புகின்றதா என்பதையெல்லாம் படகிலிருந்தபடியே திரையில் காணலாம். மீன் பின்தொடர்வது தெரிந்ததும் இரையை விரைவாக மேலே சுற்றி, அது தப்பியோடுவதுபோலக் காட்டி, மீனின் வேட்டையுணர்வைத் தூண்டுவர். இதற்குப் பயிற்சியும் பொறுமையும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும், இத்திறமையின் உயிர்நாடி வஞ்சனை என்பதையும் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

இவ்வாறு பிடித்த மீனைப் பலர் உண்பதில்லை. அளந்து, படம் எடுத்து, மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகின்றனர். நல்ல மீனை ஒருமுறை மட்டும் பிடித்து முடித்துவிடுவது வீண் என்னும் கருத்தை அமெரிக்கத் தூண்டில் வல்லுநர் லீ உல்ஃப் 1939-இல் வெளியிட்ட தம் நூலில் வலியுறுத்தினார். பின்வந்த தலைமுறைகளில் அக்கருத்து ஒரு பண்பாடாகவே வளர்ந்தது. இன்று மீனை விடுபவர் தம்மைப் பண்பட்டவர் என்று கருதுகின்றார். கொண்டுபோய்ச் சமைப்பவரைச் சற்றே தாழ்வாகப் பார்ப்பதும் உண்டு. நம் வினா இங்கேதான் பிறக்கின்றது. பிடித்து விடுதல் அருளாகுமா?

முதலில் மீனின் உடலுக்கு நேர்வதைப் பார்ப்போம். ஆழத்து நீரின் அழுத்தம் பெரிது. அங்கிருந்து ஒரு மீனை விரைவாக மேலே இழுத்தால், அதன் உடலுள் இருக்கும் காற்றுப்பை விரிந்துவிடும். சில இன மீன்களால் அக்காற்றை விரைந்து வெளியேற்ற இயலாது. வயிறு புடைத்து, மீண்டும் கீழே செல்ல முடியாமல் மிதந்து மடியும். ஏரி டிரவுட்டுக்கோ காற்றுப்பையிலிருந்து உணவுக்குழலுக்கு ஒரு வழி உண்டு. அது மேலே வரும்போதே காற்றை வாய்வழியாக வெளியிடுகின்றது. அக்குமிழிகள் நீரின்மேல் எழுவதைப் படகிலிருப்போர் காண்பர். ஆகவே இம்மீன் பிழைப்பதற்கு வாய்ப்பு மிகுதி. ஆயினும் அதற்கும் எல்லையுண்டு. குளிர்ந்த ஆழத்திலிருந்து வெதுவெதுப்பான மேல்நீருக்கு இழுக்கப்பட்டுப் போராடிக் களைத்த மீன், கையிலிருந்து நழுவி நீந்திச் சென்றாலும் பின்னர் இறந்துபோகக்கூடும். அந்த இறப்பை விட்டவர் காண்பதில்லை. தாம் காணாத இறப்பைத் தம் கணக்கில் எழுதுவதுமில்லை.

அடுத்து, மீன் வலியை உணர்கின்றதா என்னும் வினா. இதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. மனிதனுக்கு வலியுணர்வைத் தரும் மூளைப்புறணி மீனுக்கு இல்லை. ஆகவே அது துள்ளுவது வெறும் உடல் எதிர்வினையே என்று 2002-இல் ஜேம்ஸ் ரோஸ் வாதிட்டார். அதற்கு மறு ஆண்டே, லின் ஸ்னெடன் என்னும் அறிவியலாளரும் அவர்தம் குழுவினரும் வேறொரு வகை டிரவுட் மீனின் முகப்பகுதியில் தீங்கை உணரும் நரம்பு முனைகள் உள்ளன என்பதை எடுத்துக்காட்டினர். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உணவை வெறுத்ததையும், உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்ததையும் அவர்கள் பதிவு செய்தனர். விவாதம் இன்னும் முற்றுப்பெறவில்லை. ஆனால் ஐயம் இருக்குமிடத்தில் அறத்தின் பக்கம் சாய்வதே நேர்மை. திரைச்சீலைக்குப் பின்னால் ஆள் நிற்கின்றானா என்று தெரியாதபோது, தெரியாது என்பதையே காரணமாக்கிக் கல்லெறிபவனை நாம் ஏற்போமா? சுவிட்சர்லாந்து நாடு 2008-ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு ஆணையில், திரும்ப விட்டுவிடும் நோக்கத்துடனேயே தூண்டில் போடுவதைத் தடை செய்துள்ளது. உண்பதற்காகப் பிடிப்பதை அந்நாடு தடுக்கவில்லை. வெறும் விளையாட்டுக்காகத் துன்புறுத்துவதையே தடுத்துள்ளது.

இவ்விடத்தில் திருக்குறளின் அமைப்பு முறை நமக்குத் துணைபுரிகின்றது. வள்ளுவர் 'இன்னா செய்யாமை' என்று ஓர் அதிகாரமும், அதனை அடுத்துக் 'கொல்லாமை' என்று ஓர் அதிகாரமும் வகுத்துள்ளார். இரண்டும் ஒன்றேயாயின் இரண்டு அதிகாரங்கள் எதற்கு? கொல்லாமலே துன்பம் செய்ய இயலும் என்பதை அப்பெருந்தகை நன்கு அறிந்திருந்தார். பிடித்து விடுபவர் கொல்லாமையைச் சுட்டிக்காட்டி, இன்னா செய்ததை மறைத்துக்கொள்கின்றார். உயிரைத் திருப்பிக் கொடுத்தது உண்மைதான். ஆனால் அந்த உயிரை இடருக்குள்ளாக்கியவரும் அவரே அல்லவா? தாமே தள்ளிவிட்ட ஒருவனைத் தாமே கைகொடுத்துத் தூக்கிவிட்டு நன்றியை எதிர்பார்ப்பதுபோல் அன்றோ இது?

வட கனடாவின் பழங்குடி மக்கள் பலர் இதனை இன்னொரு கோணத்திலிருந்து காண்கின்றனர். யூக்கோன் பகுதியின் குளுவானே மக்கள் ஏரி மீனையும் கடமானையும் உண்டு வாழ்ந்தவர்கள். மீன் தன்னையே மனிதனுக்கு உணவாக அளிக்கின்றது என்பது அவர்தம் நம்பிக்கை. அளித்ததை நன்றியோடு ஏற்பதே முறை; பிடித்துவிட்டுத் திருப்பி எறிவது மீனோடு விளையாடுவதாகும், அதன் கொடையை இழிவுபடுத்துவதாகும் என்று அவர்கள் கூறுகின்றனர். ஒரு சாரார்க்கு நாகரிகத்தின் உச்சமாகத் தோன்றுவது மற்றொரு சாரார்க்கு அவமதிப்பாகத் தோன்றுகின்றது. புறச்செயலை மட்டும் கண்டு அறத்தை அளக்கலாகாது என்பதற்கு இதுவே தக்க சான்றாகும்.

இனி இதே மீனை வேறோர் ஏரியில் காண்போம். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் ஏரிக்கு இம்மீன் உரியதன்று. யாரோ சட்டத்திற்குப் புறம்பாகக் கொண்டுவந்து விட்டதன் விளைவாக 1994-இல் அது அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஏரிக்கே உரிய 'கட்த்ரோட்' என்னும் டிரவுட் மீன்களை அது விழுங்கத் தொடங்கியது. கட்த்ரோட் மீன்கள் முட்டையிட ஓடைகளில் ஏறுபவை. ஆதலால் கரடிக்கும் நீர்நாய்க்கும் பறவைகளுக்கும் அவை உணவாயின. வந்தேறிய மீனோ ஆழத்திலேயே வாழ்ந்து ஏரியிலேயே முட்டையிடுவது. கரடியால் அதனை எட்டவும் இயலாது. ஒரு மீன் குறைந்ததும் ஓர் உணவுச் சங்கிலியே அறுந்தது. எனவே அவ்வேரியில் பிடிபடும் லேக் டிரவுட் எதனையும் உயிரோடு திரும்ப விடலாகாது என்பது விதி. வலை வீசி இதுவரை 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட மீன்களை அகற்றியுள்ளனர். அங்கே மீனை விடுவது குற்றம், கொல்வது கடமை.

சுப்பீரியர் ஏரியிலோ நிலைமை நேர்மாறானது. மிதமிஞ்சிய மீன்பிடிப்பும், கப்பற் கால்வாயின் வழியே மேலேரிகளுக்குள் நுழைந்த 'லாம்ப்ரே' என்னும் குருதி உறிஞ்சும் உயிரியும் சேர்ந்து, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கிருந்த லேக் டிரவுட் இனத்தை அழிவின் விளிம்பிற்குத் தள்ளின. அமெரிக்காவும் கனடாவும் இணைந்து 1955-இல் ஓர் ஆணையத்தை அமைத்தன. 1958 முதல் லாம்ப்ரேயின் இளங்குஞ்சுகளை அழிக்கும் மருந்து ஓடைகளில் இடப்பட்டது. பல்லாண்டு உழைப்பின் பயனாக அவ்வேரியின் பெரும்பகுதியில் இம்மீனினம் மீட்கப்பட்டுவிட்டதாக 2024-இல் அறிவிக்கப்பட்டது. ஓரிடத்தில் காக்கப்படும் உயிர் மற்றோரிடத்தில் அழிக்கப்படுகின்றது. ஈரிடத்தும் மீன் குற்றமற்றது. குலைத்தவன் மனிதன், விலை கொடுப்பது மீன்.

தூண்டில் விளையாட்டினரே ஏரிகளின் காவலர் என்று வாதிடுவாரும் உளர். அவ்வாதத்தில் உண்மையுண்டு. அமெரிக்காவில் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தூண்டிற் கருவிகளின்மீது விதிக்கப்படும் வரி மீன்வளப் பாதுகாப்பிற்கே செலவிடப்படுகின்றது. மீனை விரும்பிப் பிடிப்பவர் இல்லையென்றால், நீர்நிலை கெடும்போது குரல் கொடுப்போரும் குறைந்திருப்பர். இந்த நன்மையை மறுப்பது நன்றியன்று. ஆனால் ஒரு செயலால் விளையும் நன்மை, அச்செயலில் உள்ள துன்பத்தை இல்லாததாக ஆக்கிவிடாது. கடன் வாங்கியவன் அப்பணத்தைக் கொண்டு நற்பணி செய்தாலும் கடன் கடனாகவே நிற்கும். தூண்டில் விளையாட்டினர் ஏரிக்குச் செய்யும் தொண்டை மீனுக்குப் பட்ட கடனின் ஒரு பகுதியாகக் கொள்ளலாம். மீனுக்குக் காட்டிய அருளாகக் கொள்ள இயலாது.

ஆகவே நாம் வந்தடையும் முடிவு யாது? பசிக்காகப் பிடித்து, துன்பத்தை நீட்டிக்காமல் விரைந்து உயிர் நீக்கி, வேண்டிய அளவோடு நிறுத்திக்கொள்பவனின் செயல், கொல்லாமை என்னும் உயரிய நோன்பிற்குக் கீழ்ப்பட்டதே. எனினும் அது நேர்மையானது. அவன் செய்வதை இன்னதென்று மறைக்காமல் சொல்லுகின்றான். அத்தகையவன் வலையிலோ தூண்டிலிலோ சிக்கிய முதுமீனையும் இளமீனையும் திரும்ப விடுவானாயின் அது பொறுப்புணர்ச்சியாகும். எல்லோஸ்டோனில் கொல்பவன், முன்னோர் செய்த பிழைக்குக் கழுவாய் தேடுகின்றான். அவன் அதனைக் களிப்போடு செய்யாமல் வருத்தத்தோடு செய்தல் வேண்டும். விடுவதற்காகவே பிடிப்பவனோ, இன்பத்தைத் தான் எடுத்துக்கொண்டு துன்பத்தை மீனுக்குக் கொடுக்கின்றான். அவனைக் கொடியவன் என்று நாம் தூற்ற வேண்டியதில்லை. ஆனால் அருளாளன் என்னும் பட்டத்தை அவனுக்குச் சூட்ட இயலாது.

ஆசிரியர்களாகிய நாமும் மாணவர்களும் இதிலிருந்து பெற வேண்டிய பாடம் மீனைப் பற்றியது மட்டுமன்று. வகுப்பறையில் ஒரு மாணவனை நகையாடி அழ வைத்துவிட்டு, 'விளையாட்டுக்குத்தான் சொன்னேன்' என்று தோளைத் தட்டும் நண்பர் கூட்டம் எங்கும் உண்டு. பிறர் முன்னிலையில் கடிந்துவிட்டுத் தனியே அழைத்து இன்சொல் கூறும் பெரியவர்களும் உண்டு. அவர்களும் பிடித்து விடுபவர்களே. விடப்பட்டவன் நீந்திச் சென்றுவிட்டான் என்பதால் அவன் நலமாக இருக்கின்றான் என்று பொருளில்லை. ஆழத்தில் அவனுக்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் காண்பதில்லை. துன்பத்தைத் தந்தபின் நீக்குவதைக் காட்டிலும் தராதிருப்பதே மேலானது. அதற்குப் படமும் இல்லை, பாராட்டும் இல்லை. ஏரியின் அடியில் தன் போக்கில் திரியும் மீன், தன்னைப் பிடிக்காது சென்றவன் யாரென்று அறியப்போவதுமில்லை.