பருவம் இழந்த நோய்

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆறு கடலில் கலக்குமிடத்திற்குச் சற்று மேலே தியாமா அணை நிற்கிறது. 1986இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்குமுன், ஆண்டுதோறும் வறண்ட மாதங்களில் கடலின் உப்புநீர் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவுவரை ஆற்றில் ஏறிவரும். உழவனுக்கு அது சாபம். அதைத் தடுத்து, ஆண்டு முழுவதும் நெல்லும் கரும்பும் விளைவிக்கும் நல்லெண்ணத்தோடுதான் அணை எழுந்தது.

ஆனால் அந்த உப்பு வேறொரு பணியையும் ஓசையின்றிச் செய்துவந்தது. பில்ஹார்சியா நோயைப் பரப்பும் நன்னீர் நத்தைகள் உப்பேறிய நீரில் பெருகமாட்டா. நோயுற்றவரின் கழிவோடு நீரில் சேரும் முட்டை பொரிந்து, நுண்புழு நத்தைக்குள் புகுந்து பலவாகப் பெருகி, மீண்டும் நீருக்கு வந்து, அதில் நிற்பவரின் தோலைத் துளைத்து உட்செல்கிறது. நத்தை இல்லையேல் நோய் தொடராது. அணைக்குப்பின் நத்தைக்கு ஆண்டு முழுவதும் நற்காலமாயிற்று. நத்தையைத் தின்னும் ஆற்று இறாலோ, இனம்பெருக்கக் கழிமுகம் செல்லும் வழி அடைபட்டு அருகிப்போனது. 1988இல் ரிஷார் தோல் என்னும் கரும்பு நகரில் குடல் பில்ஹார்சியா கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளுக்குள், பரிசோதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் அது காணப்பட்டது.

இதற்கு யார் பொறுப்பு? புனித தோமா அக்குவினாஸின் சிந்தனையிலிருந்து நம் அறநெறியாளர்கள் வளர்த்தெடுத்த இரட்டை விளைவுக் கோட்பாட்டைச் சிலர் துணைக்கு அழைக்கலாம்: நன்மையே நோக்கம், தீமை நோக்கமன்று, ஆகவே குற்றமில்லை. இவ்வளவு எளிதாக விடுதலை பெறுவது எனக்கு உடன்பாடில்லை. தீமைக்கு ஈடான நன்மை வேண்டும், தவிர்க்கக்கூடிய தீங்கைத் தவிர்க்க முயலவும் வேண்டும் என்றும் அக்கோட்பாடு கேட்கிறது. பாசனக் கால்வாயைப் பின்தொடர்ந்து இந்நோய் வரும் என்பது எகிப்திலும் சூடானிலும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டறிந்த உண்மை. விரும்பவில்லை என்பது வேறு. அறியவில்லை என்பது வேறு.

இதனினும் என்னை உறுத்துவது, 'ஆற்றில் இறங்காதீர்கள்' என்னும் அறிவுரை. வேறு நீரில்லாத பெண் எங்கே துணி துவைப்பாள்? பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், 'யார் செய்த பாவம்?' என்று கேட்டதை யோவான் நற்செய்தி கூறுகிறது. நாமும் நோயாளியிடமே பாவத்தைத் தேடுகிறோம். பிராசிகுவாண்டல் மாத்திரை அவள் உடலிலுள்ள புழுவைக் கொல்லும். மறுநாள் அவள் அதே துறைக்குத்தான் போகவேண்டும்.

அங்குள்ள ஒரு சிற்றூரின் நீர்த்துறையில் இறாலை மீண்டும் விட்டுப் பார்த்தார்கள். நத்தைகள் குறைந்தன, மருந்துண்டவர்களிடம் மறுபடி சேர்ந்த முட்டைகளும் குறைந்தன என 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. அணை எழுந்து அப்போது 29 ஆண்டுகள் ஆகியிருந்தன.