இறுதிச்சொல் யாருக்கு உரியது?

மனிதன் தனக்கென்று சொல்லிக்கொள்ளும் பொருள்கள் பல. வீடு, நிலம், நகை, சேமநிதி ஆகியவற்றைத் தன் காலத்துக்குப் பின் இன்னாருக்கு என்று எழுதிவைக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. ஆனால் பிறந்த நாள் தொட்டு அவனை ஒரு கணமும் பிரியாத உடலைப்பற்றி, உயிர் போன பின் அதை இன்னது செய்யுங்கள் என்று அவன் சொன்னால், அச்சொல்லுக்கு மதிப்பு உண்டா? உண்டென்றால் அது எதுவரை செல்லும்? கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் நம்மவருள் சிலர், "எனக்குச் சடங்கு ஒன்றும் வேண்டாம், நேரே மின்சுடலைக்குக் கொண்டுபோய் எரித்துவிடுங்கள்" என்று சொல்லத் தொடங்கியிருக்கும் இந்நாளில், இக்கேள்வி ஆராயத்தக்கதாகிறது.

இதனை நேர்தகனம் என்று அழைப்போம். சவத்தை வீட்டில் கிடத்தாமல், பந்தலும் பாடையும் தப்பும் இன்றி, வாய்க்கரிசி, நெய்ப்பந்தம், கொள்ளிக்குடம் முதலிய கிரியைகள் ஏதும் இன்றி உடலை நேரே தகனத்துக்கு அனுப்பிவிடுவதே அது. மேனாட்டாருக்கு எரித்தலே புதிது. 1874-இல் சர் ஹென்றி தாம்ஸன் என்னும் அறுவை வைத்தியர் இலண்டனில் தகனச் சங்கம் கண்டார். 1884-இல் டாக்டர் வில்லியம் பிரைஸ் என்பவர் இறந்துபோன தம் கைக்குழந்தையை எரிக்க முயன்றதற்காக வேல்ஸ் நாட்டில் வழக்கில் நிறுத்தப்பட்டார். பிறருக்குத் தொல்லை இல்லாதவரையில் எரிப்பது குற்றமன்று என்று நீதிபதி கூறினார். மறு ஆண்டு வோக்கிங் என்னும் ஊரில் முதல் தகனம் நடந்தது. எண்ணற்ற தலைமுறைகளாக எரித்து வந்த நாம் அதைக் கேட்டுச் சிரித்திருக்கலாம். ஆனால் அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. எரித்தலை ஏற்ற பின், அதைச் சூழ்ந்த ஆடம்பரம் எதற்கு என்றும் கேட்டார்கள். உலகப் புகழ்பெற்ற பாடகர் டேவிட் போவி 2016-இல் நியூயார்க்கில் மறைந்தபோது, கூட்டமும் சடங்கும் இன்றி அவர் உடல் தகனம் செய்யப்பட்டது.

நம்மவர் இதனை நாடுவதற்குரிய காரணங்கள் நம் கண்முன்னே நிற்கின்றன. லயத்தில் குடியிருந்த காலத்தில் ஒருவர் இறந்தால் வாசலில் பந்தல் போட இடமிருந்தது. சுடுகாடும் இடுகாடும் தோட்டத்தின் கோடியிலேயே இருந்தன. அண்டை வீட்டார் வேலைக்குப் போகாமல் கூட நின்றார்கள். பிறகு கிள்ளானைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகி, செம்பனை வீட்டுமனையாகி, குடிகள் அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டார்கள். மேல்மாடியில் இறந்தவரைப் படுத்த வாக்கில் இறக்க மின்தூக்கியில் இடமில்லை. வண்டிகள் நிற்கும் வெளியில் பந்தல் போட அயலாரிடம் மன்றாட வேண்டியிருக்கிறது.

தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் எனக்கு இன்னொன்றும் தெரியும். கல்யாணத்துக்கு முன்பணம் கேட்டு வருகிறவர் தயங்கித் தயங்கிக் கேட்பார். சாவுக்குக் கேட்டு வருகிறவர் தயங்குவதில்லை. மறுக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். பெட்டி விற்பவர், ஊர்திக்காரர், பூக்காரர், புரோகிதர், பதினாறாம் நாள் சமையற்காரர் ஆகிய எல்லாருக்கும் இதுபோல் ஓர் உண்மை தெரியும்: துக்கத்தில் இருப்பவன் பேரம் பேசமாட்டான். அறுபது வயதுக்குள் இறந்த சந்தாதாரரின் குடும்பத்துக்குச் சேமநிதி வாரியம் அளிக்கும் 2,500 ரிங்கிட் மரண உதவி, பிள்ளைகளின் கைக்கு வருமுன்பே விருந்துக் கணக்கில் ஏறிவிடுவதுண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். அவர்கள் வழிவந்தோரின் சாவு வீடுகள் சிலவற்றில் இன்றும் மதுப்புட்டிகள் இரவைக் கழிக்கின்றன என்பது வெட்கத்துக்குரியது.

செலவையாவது பொறுத்துக்கொள்ளலாம். கணவனை இழந்த பெண்ணை நடுவில் உட்காரவைத்துப் பூவும் பொட்டும் இட்டு, பிறகு பலர் காண அவற்றை அழித்து, வளையலை உடைக்கும் கொடுமை சில வீடுகளில் இன்னும் நடக்கிறது. பெற்ற தாயே இறந்தாலும் மகள் சுடலைக்கு வரலாகாது என்று தடுப்போரும் இருக்கிறார்கள். அறிவும் இரக்கமும் உள்ள ஒருவர் இவற்றைக் கண்டு, "என் சாவினால் இவை நடக்க வேண்டா" என்று எண்ணுவதில் வியப்பென்ன?

இங்கே நெருப்பா மண்ணா என்பது பெரிதன்று. வடலூர் இராமலிங்க அடிகள் (1823–1874) எரிப்பதை மறுத்துப் புதைக்கச் சொன்னார். கருமாதி, திதி முதலியவையும் வேண்டா என்றார். 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து நம்மவரிடையே பேசிய பெரியார் ஈ. வெ. ரா., 1973-இல் மறைந்தபோது மதச்சடங்கின்றிச் சென்னையில் புதைக்கப்பட்டார். மண்ணை ஏற்ற இவர்களும் நேர்தகனத்தை விரும்புவோரும், பொருளற்ற கிரியை வேண்டா என்பதில் ஒன்றுபடுகிறார்கள்.

ஆயினும் இவ்வளவு கொண்டு, நேர்தகனம் அறிவுடையோர் வழி, மற்றதெல்லாம் மூடர் வழி என்று முடிவு கட்டிவிடலாகாது. சடங்கின்றி எரிக்கப்படுவது எப்போதும் பெருமையாக இருந்ததில்லை. ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதை போடுவதற்கு மலாயாவிலிருந்து 70,000 பேருக்கு மேல் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 1943-இல் வாந்திபேதி பரவியபோது கூட்டங்கூட்டமாக எரிக்கப்பட்டும் புதைக்கப்பட்டும் போனார்கள். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குச் சுமார் 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. நம்மவர்க்கோ பெயர் பொறித்த கல்லும் இல்லை. போனவன் வருவான் என்று வாசலைப் பார்த்திருந்தே கிழவிகளானவர்கள் நம் தோட்டங்களில் வாழ்ந்தார்கள். பின்பு 2021-இல் கொரோனாத் தொற்று கிள்ளான் பள்ளத்தாக்கில் உச்சத்தில் இருந்தபோது, உறையிட்டு மூடிய உடல்கள் மருத்துவமனையிலிருந்து நேரே மின்சுடலைக்குச் சென்றன. முகம் காணவும் முடியாமல் பிள்ளைகள் தூரத்தில் நின்றார்கள்.

இவையும் சடங்கில்லாத தகனங்களே. அக்குடும்பங்களை வாட்டியது எது? மந்திரம் ஓதாத குறை மட்டும் அன்று. இறந்தவரையும் கேட்கவில்லை, இருந்தவரையும் கேட்கவில்லை. யாரோ ஒருவர் எல்லாவற்றையும் முடித்துவிட்டார் என்பதே ஆறாத புண்ணாயிற்று. ஆகவே சடங்கு நடந்ததா என்று கேட்பதற்கு முன், யாருடைய சொல்லின்படி நடந்தது என்று கேட்க வேண்டும். ஒரே செயல், விரும்பியவனுக்கு விடுதலையாகவும் விரும்பாதவனுக்கு அவமதிப்பாகவும் ஆகிறது.

இதை ஒப்புக்கொள்வோமாயின், இறந்தவர் சொல்லை மீறுவது எவ்வளவு எளிது என்பதையும் நோக்க வேண்டும். பண்டித நேரு 1954-இல் எழுதிய உயிலில், தமக்கு மதச்சடங்கு எதுவும் செய்யலாகாது என்று ஐயத்துக்கு இடமின்றிக் குறித்தார். 1964-இல் அவர் மறைந்தபோது, புரோகிதர்கள் மந்திரம் ஓத இந்து முறைப்படியே தகனம் நடந்தது. ஒரு தேசத்தின் பிரதமர் எழுதிவைத்த சொல்லுக்கே கதி இதுவானால், லயத்தில் இருந்தவன் வாயால் சொன்னதற்கு என்ன காவல்?

சட்டம் காக்கும் என்பதற்கும் இல்லை. ஹென்றி குருக்கெண்டன் என்னும் ஆங்கிலேயர், தம் உடலை ஒரு சிநேகிதியிடம் ஒப்படைத்து எரிக்க வேண்டும் என்று உயில் எழுதினார். உறவினரோ அவரைப் புதைத்துவிட்டார்கள். அச்சிநேகிதி உடலைத் தோண்டியெடுத்து இத்தாலியின் மிலான் நகருக்குக் கொண்டுபோய் எரித்தபின், செலவைக் கேட்டு வழக்காடினாள். பிணம் யாருக்கும் சொத்தாகாது, ஆகவே அதைப்பற்றி உயிலில் எழுதும் ஆணை கட்டுப்படுத்தாது என்று 1882-இல் தீர்ப்பாயிற்று. நம் நாட்டுச் சட்டமும் பெரும்பாலும் அந்த ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் வழிவந்ததே. ஆக, நீதிமன்றம் காக்காத ஒரு சொல்லை, கேட்டவர்களின் நாணயம் ஒன்றே காக்க வேண்டியிருக்கிறது.

இவ்விடத்தில்தான் சீர்திருத்தக்காரனுக்குச் சோதனை வருகிறது. என் தாயார் அறுபதைக் கடந்தவர். தாம் இறந்தால் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும், மூத்த மகன் தலைமழித்துக் கொள்ளி வைக்க வேண்டும், சாம்பலைக் கடலில் கரைக்க வேண்டும் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அம்மூத்த மகன் நான். எனக்கு இவற்றில் நம்பிக்கை இல்லை; எனக்கு நேர்தகனமே போதும் என்று எழுதிவைத்தும் இருக்கிறேன். அவருக்கு நான் என்ன செய்வது?

"நம்பாததைச் செய்வது பொய், நீ செய்வதைப் பார்த்து நாலு பேர் செய்வார்கள், மூடப்பழக்கம் வளரும்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நேருவின் உயிலை மீறியவர்களும் இதே நியாயத்தைத்தான் மறுபக்கமிருந்து சொல்லியிருக்கக்கூடும்: நாங்கள் நம்புவது மெய், அவர் நம்பாதது பிழை, ஆகவே அவர் சொல் எங்களைக் கட்டாது என்று. என் சொல்லை என் பிள்ளைகள் மதிக்க வேண்டும் என்று கேட்கும் நான், என் தாயின் சொல்லை மதிக்கமாட்டேன் என்றால், நான் நாடியது உரிமையன்று, என் கட்சியின் வெற்றியே. என் கொள்கையைப் பரப்ப எனக்கு வாயும் பேனாவும் இருக்கின்றன. அதற்கு என் தாயின் சவத்தை மேடையாக்கிக்கொள்வது மானமுள்ள செயலன்று.

பட்டினத்தாரைப்பற்றி நம்மவர் சொல்லிவரும் கதை எல்லாரும் அறிந்ததே. வீடும் செல்வமும் உறவும் துறந்தவர், தாய்க்குக் கொடுத்த வாக்கை மட்டும் துறக்கவில்லை. அவள் இறந்தபோது வந்து பச்சை வாழைமட்டையை அடுக்கித் தீ மூட்டினார் என்பார்கள். மட்டை எரிந்த அற்புதத்தை நம்ப வேண்டியதில்லை. எல்லாவற்றையும் பொய்யென்று கண்டவர் கொடுத்த சொல்லைப் பொய்யாக்கவில்லை என்பதே அக்கதையின் சாரம்.

ஆனால் இறந்தவர் சொல்லுக்கும் எல்லை உண்டு. அது தன் உடலைப்பற்றிய சொல்லாக இருக்கும்வரை செல்லும். இருப்பவரை வருத்தும் ஆணையானால் செல்லாது. தமக்கு நெய்ப்பந்தம் கேட்க ஒருவருக்கு உரிமை உண்டு. தம் மனைவியின் பொட்டை அழிக்கவோ, மகளைச் சுடலைக்கு வரவிடாமல் தடுக்கவோ, பிள்ளையைக் கடனாளியாக்கவோ, தப்படிப்பவரை வாசலுக்கு வெளியே நிறுத்தி இழிவுபடுத்தவோ எவருக்கும் உரிமை இல்லை. என் தாயார் கேட்ட கொள்ளியை நான் வைப்பேன். கடன் வாங்கி விருந்து வைக்கமாட்டேன். என் தங்கை சுடலைக்கு வருவதை யாரும் தடுக்கவும் விடமாட்டேன்.

அந்த எல்லை நேர்தகனம் கேட்பவரையும் கட்டும். "என்னை எரித்துவிட்டு அவரவர் வேலையைப் பாருங்கள், யாரும் கூட வேண்டா, அழ வேண்டா" என்று சிலர் பெருந்தன்மையாக எண்ணிச் சொல்கிறார்கள். உடல் அவருடையது, துக்கம் அவருடையதன்று. தகப்பனை இழந்த மகனுக்குத் தோளில் கைவைக்க நாலு பேர் வேண்டும். இறந்தவர் யார், என்ன செய்தார், யாருக்கு உதவினார் என்று ஒரு முறையாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கிரியையை நீக்கலாம், மனிதர் கூடுவதை நீக்கினால், சயாமில் நம்மவருக்குப் பிறர் செய்ததை நமக்கு நாமே செய்தவர்களாவோம். உடலை அன்றே எரித்துவிட்டு, பின்னொரு ஞாயிற்றுக்கிழமை உறவினரும் நண்பரும் ஆண் பெண் பேதமின்றிக் கூடி, தேநீர் அருந்தி, அவரைப்பற்றிப் பேசிப் பிரியலாம். மிஞ்சும் பணத்தில் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம். இதற்குப் புரோகிதரும் வேண்டா, கடனும் வேண்டா.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். முதியோர் இல்லத்தில் விட்டுவைத்த தகப்பனை, அவர் கேளாதிருக்கையில், செலவு மிச்சம் என்று நேரே மின்சுடலைக்கு அனுப்பிவிட்டு, "நாங்கள் சீர்திருத்தக்காரர்" என்று சொல்லிக்கொள்ளும் பிள்ளைகளும் தோன்றலாம். அது கஞ்சத்தனம். சீர்திருத்தம் என்னும் பெயரை அதற்குக் கொடுப்பது, கொள்கைக்காக ஊர்ப்பகை தாங்கியவர்களை இழிவுபடுத்துவதாகும்.

ஆகவே வாசகர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. சாவைப்பற்றிப் பேசினால் சாவு வரும் என்னும் பயத்தை விட்டு, உயிரோடிருக்கையிலேயே கேளுங்கள், சொல்லுங்கள். பெற்றோரிடம் அவர்கள் விருப்பத்தைக் கேளுங்கள். மனைவி மக்களிடம் உங்கள் விருப்பத்தைச் சொல்லி, காரணத்தையும் விளக்கி, எழுதிக் கையொப்பமிட்டு, அவர்கள் அறிந்த இடத்தில் வையுங்கள். இறந்த அன்று பந்தலடியில் நின்று மாமனும் பங்காளியும் "ஊர் என்ன சொல்லும்" என்று கேட்கும்போது, விதவையின் கையில் அந்தத் தாள் ஒன்றே துணையாக நிற்கும். அத்தாளில் நேர்தகனம் என்றிருந்தால் நேர்தகனமும், நெய்ப்பந்தம் என்றிருந்தால் நெய்ப்பந்தமும் நடக்கட்டும். எழுதியவருக்கு இனி வாயில்லை. அவர் சொல்லுக்கு நாம்தான் வாய்.