போறோம்னு சொல்லு, எங்கேன்னு சொல்லாதே

எங்க பக்கம் ஒரு பெண் தன் விருப்பத்துக்கு ஒருத்தனோட போனால் 'ஓடிப்போச்சு' என்பார்கள். அவன் சேரிப் பையனாக இருந்துவிட்டால் சொல்லே மாறும். 'இழுத்துட்டு ஓடிட்டான்' என்பார்கள். அந்தப் பெண்ணுக்குக் காலே இல்லாத மாதிரி. காவல் நிலையத்தில் முதல் நாள் 'பெண்ணைக் காணவில்லை' என்று ஒரு தாள், மறுநாள் 'கடத்தல்' என்று இன்னொரு தாள். 2024 ஜூலைக்கு முன்பு அது இந்திய தண்டனைச் சட்டம் 366, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 87. நம்பர் மாறியிருக்கிறது, எழுதுகிற கை மாறவில்லை. கடத்திப் போன பெண்ணை மீட்கப் பாலம் கட்டியதாகக் கதை சொல்லும் ராமேசுவரக் கரையில் தானாகப் போனவளையும் கடத்தப்பட்டவள் என்றே எழுதுகிறார்கள்.

சங்கப் புலவர்கள் இதற்கு 'உடன்போக்கு' என்று பெயர் வைத்தார்கள். சேர்ந்து போவது, அவ்வளவுதான். மகளைத் தேடிச் செவிலித்தாய் பாலை வழியில் எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டே போவாள். இப்போது எதிர்ப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டு வருவது டாடா சுமோ. உடன்போக்கை வகுப்பில் உருகி உருகி நடத்துகிற தமிழாசிரியர்கள் தங்கள் வீட்டில் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நான் பேச வந்தது வேறு. ஓடிப்போவதற்குத் திட்டம் போடுவது ஏமாற்று வேலையா, இல்லையா?

ஏமாற்று வேலை என்பவர்கள் ஆதிக்க சாதிக்காரர்கள் மட்டுமல்ல. எங்க பெரியவர்களிலும் உண்டு, முற்போக்கு பேசும் நண்பர்களிலும் உண்டு. 'நெசமான காதல்னா நேரா நின்னு பொண்ணக் கேக்கணும். தேதி குறிச்சு, துணிமணிய ஒளிச்சுவச்சு, போன் நம்பர மாத்தி, ஆத்தா அப்பன்கிட்ட சிரிச்சுப் பேசிக்கிட்டே உள்ளுக்குள்ள வேற கணக்குப் போடுறதுக்குப் பேரு காதலா?' என்று கேட்கிறார்கள். 2012க்குப் பிறகு 'நாடகக் காதல்' என்ற சொல் மேடைகளில் கிளம்பியதே, அதற்கும் இதுதான் அடிப்படை. திட்டம் இருந்தால் அன்பு பொய். ஆனால் பெற்றோர் பார்த்து வைக்கும் கல்யாணத்தில் என்ன இல்லை? ஜாதகம், பவுன் கணக்கு, புரோக்கர் கமிஷன், மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்று ஆள் வைத்து விசாரிப்பது எல்லாம் உண்டு. அதை யாரும் நாடகம் என்று சொன்னதில்லை. அகமண முறை என்பதே தலைமுறை தலைமுறையாகப் போட்டு வைத்த திட்டம். சாதியின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று அம்பேத்கர் 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையிலேயே சொல்லிவிட்டார். அந்தத் திட்டத்தை உடைக்கிறவன் மட்டும் திட்டமே இல்லாமல் வரவேண்டுமாம், வெறுங்கையோடு.

ஐரோப்பியத் தத்துவத்தில் இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. 1797-ல் இம்மானுவேல் காண்ட் ஒரு சிறு கட்டுரை எழுதினார். (எங்க மாவட்டத்துக்குத் தெரிந்த இம்மானுவேல் வேறு. அவர் 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டப்பட்ட இம்மானுவேல் சேகரன்.) உன் நண்பன் உன் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறான், கொலைகாரன் வாசலில் நின்று 'அவன் உள்ளே இருக்கானா' என்று கேட்கிறான், அப்போதும் பொய் சொல்லக்கூடாது என்பது காண்ட் வாதம். பிரெஞ்சுக்காரர் பெஞ்சமின் கான்ஸ்டன்ட் அதை ஒத்துக்கொள்ளவில்லை. உண்மையைக் கேட்க உரிமை உள்ளவனுக்குத்தான் உண்மை சொல்லும் கடமை உண்டு, அடுத்தவனைக் கொல்ல வந்தவனுக்கு அந்த உரிமை கிடையாது என்றார். பல்கலைக்கழகங்களில் இன்றைக்கும் இது கற்பனைக் கேள்வியாகத்தான் நடத்தப்படுகிறது. சேரியில் இருக்கும் ஒரு தாய்க்கு இது கற்பனை இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டிக் கேட்பார்கள்.

நான் கான்ஸ்டன்ட் பக்கம். ஆனால் அவர் கணக்கில் ஒரு ஆள் விட்டுப்போகிறது. வாசலில் நிற்கிறவன் இருக்கிறான், ஒளிந்திருக்கிறவன் இருக்கிறான். கதவைத் திறக்கப் போகிறவளுக்கு, அந்த வீட்டுக்காரிக்கு, என்ன சொல்லி வைத்திருக்கிறோம்?

இதை நான் புத்தகத்தில் இருந்து எடுக்கவில்லை. என் அக்காவைக் கட்டிக் கொடுத்தது ராமநாதபுரத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் ஒரு ஊரில், வேதக்கார வீட்டில். அவள் சீமைக்கருவேல் கரிமூட்டத்துக்கும் மிளகாய்ப் பழம் பறிக்கவும் போய் ஒரு பையனைப் படிக்க வைத்தாள். அவனுக்கும் அதே ஊர் ஆதிக்க சாதிப் பெண்ணுக்கும் கல்லூரியில் பழக்கம். நான் ராமேசுவரத்தில் வேலையில் இருந்ததால் இரண்டு பேரும் என்னைத் தேடி வந்தார்கள். அக்கினி தீர்த்தக் கரையில் உட்கார்ந்து பேசினோம். வடநாட்டு யாத்திரிகர் கூட்டத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

அந்தப் பெண் என்னை 'மாமா' என்று கூப்பிட்டது. படிக்கிறவர்களுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். அவர்கள் தெருவில் ஆறு வயசுப் பிள்ளை என் அக்கா மாமனாரைப் பேர் சொல்லி 'ஏய், இங்க வா' என்று கூப்பிடும். எழுபது வயசுக் கிழவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நிற்பார். அந்தத் தெருவில் இருந்து வந்த ஒரு வாய் என்னை மாமா என்றது. எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

அவர்கள் திட்டம் கொடைக்கானல். ஏரிக்கரையில் மாலை மாத்திக்கிட்டு, நாலு நாள் தங்கி, அப்புறம் கோயம்புத்தூர் பக்கம் வேலை. நான் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். இந்தத் தீவை விட்டு வெளியேற ஒரே பாலம், 1988-ல் திறந்தது. ரயில் பாலம் பக்கத்திலேயே நிற்கிறது. இரண்டையும் ஒரே ஆள் நின்று பார்த்துக்கொள்ளலாம். அந்த மலையும் அப்படித்தான். வத்தலக்குண்டு பாதை, பழனிப் பாதை என்று பெரிய சாலை இரண்டு, ரெண்டும் பெருமாள்மலையில் ஒன்று சேர்ந்துவிடும். 2024 மே 7 முதல் வண்டிக்கு இ-பாஸ் வேறு. வண்டி நம்பர், எத்தனை பேர், எத்தனை நாள் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் அது இல்லை. ஆனால் லாட்ஜில் ஆதார் கேட்பான். எங்க ஆளுகளின் ஆதாரில் விலாசமே சாதிச் சான்றிதழ் மாதிரி, தெருப் பெயரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 'காலனி' என்ற சொல்லை ஆவணங்களில் இருந்து எடுப்பதாக 2025 ஏப்ரலில் தமிழக அரசு அறிவித்தது. அவன் அட்டையில் அது இன்னும் இருந்தது. ஒளியிறதுக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது, திருப்பூர் மாதிரி நெரிசலான ஊருக்குப் போங்க என்றேன்.

அவன் தலையாட்டினான். அந்தப் பெண்தான் கேட்டது: 'நாங்க ஒளியிறதுக்கு மட்டுந்தான் போகணுமா மாமா? பாக்குறதுக்கு ஒரு எடம் போகக்கூடாதா?'

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போதும் முழுசாகப் பதில் இல்லை. அவர்கள் சாதிக்குள்ளேயே கட்டிக்கொடுத்திருந்தால் ஊட்டியோ கொடைக்கானலோ பெற்றவர்களே காசு கொடுத்து அனுப்பியிருப்பார்கள். எங்க வீட்டுக்கு வருகிறேன் என்ற ஒரே காரணத்துக்காக அவள் வாழ்க்கையின் முதல் வாரத்தைப் பனியன் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு பூட்டின அறைக்குள் கழிக்கவேண்டும் என்று நான் சொன்னேன். அது நல்ல யோசனைதான். உயிர் தப்புகிற யோசனை. ஆனால் உயிர் தப்புவதை மட்டுமே எங்களுக்கு உரிய ஆசையாக நானும் எப்படி ஒத்துக்கொண்டேன் என்று அன்று ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தேன்.

மலை ஏறிவிட்டால் கல்யாணம் முடிந்தது என்பது சினிமாக் கணக்கு. இங்கிலாந்தில் 1753-ல் ஒரு சட்டம் வந்தது. இருபத்தொரு வயசுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம், முன்கூட்டி அறிவிப்பு என்று கட்டுப்பாடுகள். ஸ்காட்லாந்தில் அது செல்லாது என்பதால் ஜோடிகள் எல்லை தாண்டி கிரெட்னா கிரீன் கிராமத்துக்கு ஓடினார்கள். 1856-ல் அதற்கும் இருபத்தொரு நாள் குடியிருப்பு விதி போட்டுத் தடுத்தார்கள். இன்றைக்கு அந்த ஊர் பணம் கட்டிக் கல்யாணம் பண்ணும் சுற்றுலாத் தலம். நம் நாட்டில் அப்படித் தாண்ட ஒரு எல்லை இல்லை. இருவரும் இந்துவாக இருந்தால் வழி சுலபம். 1967-ல் தமிழ்நாடு கொண்டுவந்த 7-ஏ பிரிவின்படி நண்பர்கள் முன்னால் மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். ஊரறிய நடக்க வேண்டியதில்லை, வழக்கறிஞர் நண்பராக நின்று நடத்தலாம் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது. ஆனால் என் மருமகன் வேதக்காரன். கோயிலில் கட்டுவதென்றால் ஓலை வாசிக்க வேண்டும். மிச்சம் 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாள் குடியிருந்திருக்க வேண்டும். பெயர், வயது, தொழில், வசிக்கும் இடம் எழுதி நோட்டீசு கொடுக்க வேண்டும். அதை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டி முப்பது நாள் காத்திருக்க வேண்டும். நிரந்தர விலாசம் வேறு மாவட்டமானால் ஒரு நகல் அந்த மாவட்டத்துக்கும் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள். மலையில் ஒட்டின தாள் கடற்கரைக்கு வந்து சேரும்.

வாசலில் நின்று 'எங்கே' என்று கேட்கிறவனுக்குச் சட்டமே விலாசம் எழுதிக் கொடுக்கிறது. சம்மதம் இல்லாத ஜோடிக்கு இந்த விளம்பரம் கட்டாயமில்லை என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்னது. சட்டத்தில் பிரிவு அப்படியேதான் இருக்கிறது.

அவன் பேரை மாற்றி இந்துவாகிவிட்டால் எல்லாம் சுலபம் என்று ஒரு வக்கீல் சொன்னார். ஒருவகையில் சரிதான். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி வேதக்காரனாக இருக்கும்வரை அவன் பட்டியல் சாதி இல்லை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவனுக்கு இல்லை. வெட்ட வருகிறவன் ஞானஸ்நானச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டா வெட்டுகிறான்? 'ஓரியூர் மண்ணை நெத்தியில பூசி வளத்துட்டு, இப்ப அம்மாகிட்ட என்னன்னு சொல்லுவேன்' என்றான் அவன்.

அப்போதுதான் தெரிந்தது, அவளிடம் அவன் ஒன்றுமே சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு ஆபத்து, தெரியாமல் இருந்தால் அடித்தாலும் சொல்ல முடியாதல்லவா என்பது அவன் நியாயம்.

அது பாதி நியாயம். கடலூரில் 2003 மே மாதம் முருகேசனும் கண்ணகியும் பதிவுத் திருமணம் செய்து, வெளியே தெரியாமல் வைத்திருந்தார்கள். ஜூலை 8 அன்று இருவரையும் பிடித்து ஊர்ச் சுடுகாட்டில் விசம் ஊற்றிக் கொன்றார்கள். கொன்றவர்களோடு காவல்துறையினரும் சேர்த்துத் தண்டிக்கப்பட 2021 ஆனது, உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2025 ஆனது. தருமபுரியில் 2012-ல் இளவரசனும் திவ்யாவும் கல்யாணம் செய்தார்கள். நவம்பர் 7 அன்று எரிந்தது நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. இருநூற்றைம்பது வீட்டுக்கு மேல். அந்த வீட்டுக்காரர்களில் எத்தனை பேர் அந்தக் கல்யாணத்தில் வெற்றிலை பாக்கு வாங்கினார்கள்? கொளுத்தியவர்களின் பாவத்தை இளவரசன் தலையில் வைப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. குற்றம் தீ வைத்தவனுடையது, முழுக்க. ஆனால் தீ எங்கே வரும் என்று தெரிந்த பிறகு பஸ்ஸில் இரண்டு சீட்டு மட்டும் எண்ணுகிற திட்டம் போதாது என்று சொல்வேன். பொறுப்பு என்பது குற்றத்துக்கு மறுபெயர் இல்லை.

அக்காவிடம் நானே அவனைக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். அவள் அழவில்லை. கையில் கரி ஒட்டியிருந்தது, அதைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்: 'சொல்லாமப் போயிராத. நாளைக்கு வந்து அடிச்சாகன்னா எதுக்கு அடிவாங்குறோம்னு தெரிஞ்சு வாங்கணும்ல. எங்க போறீகன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிராத. எனக்கு அடி தாங்காது, சொன்னாலும் சொல்லிப்புடுவேன்.'

காண்டும் கான்ஸ்டன்டும் பிரிக்காத ஒன்றை அவள் பிரித்துவிட்டாள். போகிறோம் என்பது அவளுக்குச் சேரவேண்டிய உண்மை. எங்கே என்பது யாருக்கும் சேராத விலாசம். பெண்ணின் தாய்க்கு? அந்தப் பிள்ளை ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னது. 'யாரும் கடத்தல, நானாப் போறேன்' என்று முதல் வரி. அது தாய்க்கும் ஆகும், காவல் நிலையத்துக்கும் ஆகும். அதன் நகல் ஒன்றை முன்னதாகவே மாவட்டத் தனிப்பிரிவுக்கு அனுப்பச் சொன்னேன். கலப்புமணத் தம்பதிகளுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கண்காணிப்பாளர், சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் கொண்ட பிரிவு வேண்டும் என்று 2016 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றமும், 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. பாதுகாப்பு இல்லங்களும் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். நம்பிக்கை வைத்துச் சொல்லவில்லை. நாளைக்குத் 'தெரியாது' என்று அவர்கள் சொல்ல முடியாதல்லவா, அதற்காக.

திட்டம் மூன்று மாதம் தள்ளிப்போனது. அக்காவும் அவள் மகளும் முதலில் ஊரை விட்டார்கள், மிளகாய்ச் சீசன் கூலியை வாங்கிக்கொண்டு, மதுரைப் பக்கம் கல்யாணத்துக்குப் போவதுபோல் ஒரு பையோடு. மாமனார் வர மறுத்துவிட்டார். 'எழுபது வருசமா அவனுக கூப்புட்ட எடத்துக்குப் போனேன், இப்ப வீட்டுலயே இருக்கேன், வேணும்னா வரட்டும்' என்றார். அவரை ஒரு தோழர் வீட்டுத் திண்ணைக்கு மாற்றவே ஒரு வாரம் ஆயிற்று. ஆளுக்கு ஒரு நாள், ஆளுக்கு ஒரு பஸ். கடைசியாகத்தான் அவர்கள் இரண்டு பேரும்.

அவர்கள் எந்தச் சட்டத்தில் கட்டிக்கொண்டார்கள், அவன் என்ன பேரில் கையெழுத்துப் போட்டான், ஏரியைப் பார்த்தார்களா என்று வாசகர்கள் கேட்பீர்கள். அக்காவிடமே சொல்லாததை இங்கே எழுத முடியாது. மேலே கொடைக்கானல் என்று நான் எழுதியிருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் மலை நிறைய இருக்கிறது.