சித்தம் கலங்கியவரின் சட்டத்தரணி

சட்டத்தரணி என்பவர் தம் கட்சிக்காரரின் வாய். கட்சிக்காரர் விரும்புவதைச் சட்டத்தின் மொழியில் நீதிமன்றத்துக்கு எடுத்துச் சொல்வதே அவர் தொழில். காணி வழக்காயினும் கடன் வழக்காயினும் இதைப்பற்றி எவருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆனால் அந்தக் கட்சிக்காரர் சித்தம் கலங்கியவராயிருந்தால்? இன்று ஒன்றும் நாளை இன்னொன்றும் சொல்பவராயிருந்தால்? தமக்கே தீங்கானதைக் கேட்பவராயிருந்தால்? அப்பொழுது சட்டத்தரணி எதைப் பேசவேண்டும்? அவர் விரும்புவதையா, அல்லது அவருக்கு நன்மை என்று தாம் எண்ணுவதையா?

இது சட்டக் கல்லூரிக்கு உரிய கேள்வி, எமக்கு என்ன என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உளநோயால் வருந்தும் ஒருவரேனும் இல்லாத உறவுவட்டம் எம்மிடையே அரிது. யுத்தமும் இடப்பெயர்வும் கடலின் சீற்றமும் கண்ட மக்கள் நாம். அத்தகைய ஒருவர் சட்டத்தரணியின் கந்தோருக்குத் தனியே போவதில்லை. அழைத்துச் செல்பவர்கள் நாமே; அவருக்காகக் கதைப்பவர்களும், கட்டணத்தை எண்ணிக் கொடுப்பவர்களும் பெரும்பாலும் நாமே.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1968ஆம் ஆண்டு நடந்த ஒன்றை முதலில் சொல்லவேண்டும். ஜாக்சன் என்பவருக்கு அப்பொழுது வயது 27. காது கேளாது, வாய் பேசாது. எழுத வாசிக்கத் தெரியாது. பாலர் வகுப்புக்கும் போகாத குழந்தையின் அறிவு வளர்ச்சியே அவருக்கு இருந்தது. நான்கு டொலர் பெறுமதியான ஒரு கைப்பையையும், வேறொரு சம்பவத்தில் ஐந்து டொலர் பணத்தையும் பறித்தார் என்பது குற்றச்சாட்டு. வழக்கை விளங்கிக்கொள்ள அவரால் இயலாது என்று வைத்தியர்கள் கூறினர். ஆகவே விசாரணையை ஒத்திவைத்து, அவர் சித்தத் தெளிவு பெறும்வரை காவலில் வைக்கும்படி நீதிபதி கட்டளையிட்டார். கேட்பதற்கு இரக்கமான கட்டளை. ஆனால், அவர் தெளிவு பெறப்போவதில்லை என்பதே வைத்தியர்களின் வாக்குமூலத்தின் பொருளாயிருந்தது. அப்படியானால் ஒன்பது டொலருக்காக, குற்றம் நிரூபிக்கப்படாமலேயே, அவருக்கு ஆயுட்காலச் சிறை விதிக்கப்பட்டதாகாதா? அவருடைய சட்டத்தரணி எழுப்பிய வாதம் இதுதான். வழக்கு மேலே மேலே சென்றது. தெளிவு பெறும் வாய்ப்பு உண்டா என்று அறிவதற்கு நியாயமான காலத்துக்கு மேல், அந்த ஒரே காரணத்துக்காக ஒருவரைத் தடுத்து வைக்க முடியாது என்று 1972இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்தச் சட்டத்தரணி செய்ததில் அதிசயம் எதுவும் இல்லை. வேறெந்தக் கட்சிக்காரருக்கும் கேட்கும் கேள்வியை இவருக்காகவும் கேட்டார்: இவரை எவ்வளவு காலத்துக்கு, எந்த நியாயத்தின் பேரில் வைத்திருக்கப் போகிறீர்கள்? எமது நாட்டின் 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும், சித்தசுவாதீனமற்ற எதிரியின் விசாரணையை ஒத்திவைக்க இடமளிக்கின்றது. அந்த ஏற்பாடு அவருடைய பாதுகாப்புக்காகவே உண்டானது. ஆனால் தவணைக்குத் தவணை எழுந்து நின்று கேட்க ஒருவர் இல்லாவிட்டால், பாதுகாப்பே மதிலாகிவிடும்.

ஜாக்சனின் விருப்பத்துக்கும் அவருடைய நன்மைக்கும் இடையே முரண்பாடு இருக்கவில்லை. முரண்பாடு எழும்போதுதான் கேள்வி கூர்மையடைகின்றது.

1978 முதல் 1995 வரை தபால் மூலமும் வேறு வழிகளிலும் குண்டுகளை வைத்து மூவரைக் கொன்று, பலரைக் காயப்படுத்தியவர் தியடோர் கசின்ஸ்கி. ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர். அவருடைய எழுத்தை அடையாளம் கண்டு அரசுக்கு அறிவித்தவர் உடன்பிறந்த தம்பி. தமையன் கொல்லப்படக்கூடாது என்று மன்றாடியவரும் அதே தம்பிதான். அந்தக் குடும்பத்தின் வேதனையை நினைத்துப் பார்க்கலாம். 1998 தை மாதத்தில் வழக்கு தொடங்கும் வேளையில், மரண தண்டனையிலிருந்து காப்பாற்ற ஒரே வழி அவர் மனநோயாளி என்று காட்டுவதே எனச் சட்டத்தரணிகள் முடிவு செய்தார்கள். அவரோ, விசரன் என்று பெயர் எடுத்து வாழ்வதிலும் சாவது மேல் என்று நின்றார். தம்முடைய சட்டத்தரணிகள் தமக்கு உண்மையை மறைத்துவிட்டனர் என்று முறையிட்டார். தமக்காகத் தாமே வாதாட அனுமதி கேட்டார். சிறையில் தற்கொலைக்கும் முயன்றார். நீதிமன்றம் நியமித்த மனநல வைத்தியர், அவருக்குக் கடுமையான உளநோய் இருக்கக்கூடும் என்றும், ஆயினும் வழக்கை எதிர்கொள்ளும் தகுதி அவருக்கு உண்டு என்றும் ஒருங்கே அறிக்கையிட்டார். தாமே வாதாடும் அனுமதி மறுக்கப்பட்டது. ஈற்றில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுட்சிறை பெற்றார். 2023இல் காவலில் இருக்கையிலேயே இறந்தார்.

அந்தச் சட்டத்தரணிகள் ஓர் உயிரைக் காக்க முயன்றதை நாம் குறைகூறோம். மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று 2018இல் திருச்சபை தன் மறைக்கல்வி ஏட்டையே திருத்தி எழுதியுள்ளது. ஆயினும் அவருடைய முறைப்பாடு உண்மையாயின், அங்கே ஒரு பிழை உண்டு. அவர் விரும்பாததைச் செய்தது மட்டுமல்ல அப்பிழை. செய்யப்போவதை முகத்துக்கு நேரே சொல்லாமல் விட்டதும் பிழையே. தெளிந்த சித்தமுடைய கட்சிக்காரரிடம் எந்தச் சட்டத்தரணியும் அப்படி நடக்கத் துணியமாட்டார். நோயுற்றவரிடம் மட்டும் அது கருணை என்று பெயர் பெறுவது எப்படி?

நோயுற்றவர், ஆயினும் தகுதியுடையவர் என்ற அந்த வைத்தியரின் அறிக்கை சிலருக்கு முரணாகத் தோன்றலாம். எமது திருமண நீதிமன்றங்களில் பணியாற்றியவர்களுக்கு அது புதிதல்ல. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, உளக் காரணங்களால் திருமணக் கடமைகளை ஏற்க இயலாதவரின் திருமணம் செல்லாது என்கின்றது. இந்தச் சட்டத்தைச் சிலர் தாராளமாக நீட்டத் தொடங்கியபோது, பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1987இலும் 1988இலும் றோமைய றோட்டா நீதிபதிகளுக்கு ஆற்றிய உரைகளில் எச்சரித்தார்: கஷ்டம் வேறு, இயலாமை வேறு, உளநோயின் பெயரைச் சொன்னவுடன் ஒரு மனிதன் தன் வாக்குக்குப் பொறுப்பற்றவனாகிவிட்டான் என்று முடிவு கட்டலாகாது. அவ்வழக்குகளில் திருமணப் பிணைப்புக்காகப் பேசுவதற்கென்றே ஓர் அதிகாரியைத் திருச்சபை நியமிக்கின்றது. மணமக்கள் இருவரும் பிரிய விரும்பினாலும், நீதிபதிகளே இரங்கினாலும், அவர் எழுந்து மறுபக்கத்தைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு தரப்புக்குப் பேச எவரும் இல்லாத இடத்தில் உண்மை வெளிவராது என்பது திருச்சபையின் பழைய அனுபவம்.

உளநோயாளியின் வழக்கிலும் இதே நியாயம் பொருந்தும் என்பது எம் கருத்து. அவருடைய உடல்நலத்தைப்பற்றிப் பேச அங்கே வைத்தியர் இருக்கிறார். அவருடைய பராமரிப்பைப்பற்றிப் பேச உறவினர் இருக்கின்றனர். பொது நன்மையை எடை போட நீதிபதி இருக்கிறார். அவருடைய விருப்பத்தைச் சொல்லத்தான் சட்டத்தரணி. அவரும் மற்றவர்களோடு சேர்ந்து, “இவருக்கு எது நல்லதென்று எமக்குத் தெரியும்” என்று கூறத் தொடங்கினால், மன்றில் நால்வர் ஒரே பக்கத்தில். நோயாளி தனித்து மறுபக்கத்தில். கட்சிக்காரருடன் தனிமையில் தர்க்கிக்கலாம், வற்புறுத்தலாம், கடிந்தும் கொள்ளலாம். நல்ல சட்டத்தரணி அதைச் செய்யாமல் விடார். அவர் கேட்பதில் வெளிப்படையான தற்கொலை இருக்குமாயின், அதற்குத் துணைபோக மறுக்கவும் வேண்டும். விளங்கிக்கொள்ளத்தக்க எந்த விருப்பத்தையும் அவரிடமிருந்து பெற முடியாதபோது, அதை நீதிமன்றத்துக்கு மறைக்காமல் சொல்லி ஒரு காப்பாளரை நியமிக்கக் கேட்கலாம். தாமே இரகசியமாகக் காப்பாளர் வேலையையும் ஏற்றுக்கொள்வதுதான் கூடாது. அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கம் 1983இல் வகுத்த ஒழுக்க விதிகளும், இயன்ற அளவுக்கு வழமையான கட்சிக்காரர் உறவையே பேணும்படி பணிக்கின்றன.

இதற்கு நல்ல மனம் போதாதா, பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். நல்ல மனம்தான் பெரும்பாலும் வழி தவறச் செய்கின்றது. குருமடத்தில் ஒப்புரவு அருட்சாதனம் கேட்கும் முறையை எமக்குப் புத்தகத்தில் மாத்திரம் கற்பிப்பதில்லை. பேராசிரியரே பாவியாக நடித்து, முழங்காலில் இருந்து, எம் பொறுமையைச் சோதிப்பார். (சிலர் அந்த நடிப்பில் அளவுக்கு மீறிய திறமை காட்டியதுண்டு.) சட்டம் பயில்பவருக்கும் அத்தகைய பழக்கம் வேண்டும். அமெரிக்காவில் சில சட்டக் கல்லூரிகள் மாணவரை மேற்பார்வையுடன் உளநோயாளரின் உண்மை வழக்குகளிலேயே ஈடுபடுத்துகின்றன.

அங்கே கற்கவேண்டியவை சிறியவை போலத் தோன்றும். சந்தேகத்தால் வருந்துபவர் முன் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினால் அவர் வாய் மூடிவிடும். முதலில் நீ யார், உன்னை யார் அனுப்பினார்கள், அவர் சொல்வது எவர் காதுக்கும் போகாது என்பதைச் சொல்லவேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. சொன்னதை அவர் தம் சொற்களில் திருப்பிச் சொல்லக் கேட்கவேண்டும். “அயலவர் என் சோற்றில் நஞ்சு வைக்கிறார்கள்” என்று அவர் சொன்னால், மறுக்கவும் கூடாது, நம்புவதுபோல் தலையாட்டவும் கூடாது. அந்த எண்ணம் வந்தபோது என்ன செய்தீர்கள், சாப்பிட்டீர்களா, நித்திரை கொண்டீர்களா என்று கேட்கலாம். “தமையன் என் காணியை எடுக்கப் பார்க்கிறான்” என்றால், உறுதியை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது. நோயாளியின் சந்தேகம் எல்லாமே நோயல்ல.

மருந்துகளைப்பற்றியும் அறிந்திருக்க வேண்டும். சில மருந்துகள் காலையில் தூக்கத்தைத் தரும், நாவைத் தடிக்கச் செய்யும், கையை நடுங்க வைக்கும். சில, ஓரிடத்தில் நிற்கவிடாமல் காலை அலைக்கழிக்கும். கூண்டில் நின்று அசைந்துகொண்டிருப்பவரை அவமதிப்புச் செய்கிறார் என்றும், தாமதித்து விடை சொல்பவரைப் பொய்யர் என்றும் நீதவான் எண்ணக்கூடும். அது மருந்தின் வேலை என்று எடுத்துச் சொல்பவர் சட்டத்தரணியே. வைத்திய அறிக்கையைக் கண்டவுடன் வாயடைத்துப் போகாமல் கேட்கவும் தெரியவேண்டும்: எப்போது பரிசோதித்தீர்கள்? எவ்வளவு நேரம்? எதற்குத் தகுதியில்லை என்கிறீர்கள்? காணியை விற்பதற்கா, அல்லது எங்கே வசிப்பது என்று தீர்மானிப்பதற்குமா? எந்த மொழியில் பேசினீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியின் பாரத்தை, தமிழைத் தவிர வேறு மொழி அறியாத நோயாளியைத் தெற்கிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டு சென்ற குடும்பங்கள் அறியும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. நீதி நிர்வாகத்தில் பணிபுரிவோருக்குப் பொருத்தமான பயிற்சியை ஊக்குவிக்க வேண்டும் என்று அதன் 13ஆம் உறுப்புரை அரசைக் கட்டுப்படுத்துகின்றது. ஆகவே நாம் கேட்பது தர்மமல்ல. தெல்லிப்பழை வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை உண்டு. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் ஒரு பஸ் பயணந்தான்.

இனி எம் வீட்டு விடயத்துக்கு வருவோம். 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, ஆதனம் உடைய ஒருவர் சித்தசுவாதீனமற்றவர் என்று கூறப்படுமிடத்து, மாவட்ட நீதிமன்றம் விசாரித்து, அவர் ஆதனத்தை நிர்வகிக்க இன்னொருவரை நியமிக்கலாம். இது தேவையான சட்டம். தம்பியின் காணியை ஏமாற்றுக்காரரிடமிருந்து காத்த தமையன்மார் பலர். ஆயினும் அந்த விசாரணைக்கு முன்னர் சட்டத்தரணியின் கந்தோரில் நடப்பது என்ன? “ஐயா, அவனோடு கதைச்சுப் பிரயோசனமில்லை, நாங்கள் சொல்லுறம், நீங்கள் எழுதுங்கோ.” தம்பி மூலையில் ஒரு கதிரையில் இருக்கிறான். எல்லாரும் அவனைப்பற்றிப் பேசுகிறார்கள். அவனோடு எவரும் பேசுவதில்லை. இப்படிச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பல ஆண்டு நித்திரை முழித்துக் களைத்தவர்கள். ஆனால் மனுச் செய்பவர் தமையன். அவருடைய சட்டத்தரணியே தம்பிக்கும் சட்டத்தரணியாக இருக்க முடியாது.

இயேசுவின் உறவினர்களும் ஒருமுறை அவர் மதிமயங்கிவிட்டார் என்று எண்ணி, அவரைப் பிடித்துக்கொண்டுபோக வந்தனர் என மாற்கு எழுதுகிறார். அவர்கள் பகைவர் அல்லர், பயந்துபோன வீட்டார். அதே மாற்குவின் ஏட்டில், எரிக்கோவின் வீதியோரத்தில் கத்திய குருடனிடம், உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று இயேசு கேட்கிறார். அவன் குருடன் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சுற்றி நின்றவர்கள் அவனை வாய் மூடும்படி அதட்டிக்கொண்டும் இருந்தார்கள். ஆண்டவரோ அவன் வாயாலேயே கேட்டறிய விரும்பினார்.

ஆகையால் இவ்வாண்டு அத்தகைய மனு ஒன்றைச் செய்ய எண்ணியிருக்கும் குடும்பங்களிடம் ஒன்று கேட்கிறோம். அவருக்கென்று வேறொரு சட்டத்தரணியை அமர்த்துங்கள். வசதியில்லையெனில், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அந்தச் சட்டத்தரணி அவரோடு பேசும்போது அரைமணி நேரம் எழுந்து வெளியே வாருங்கள். விறாந்தையில் வாங்கு இருக்கும். உள்ளே அவர் உங்களைப்பற்றிக் குறை சொல்லக்கூடும், நடக்காததையும் சொல்லக்கூடும். சொல்லட்டும், கதவு பூட்டியபடியே இருக்கட்டும்.